உள்ளே போய்க் கேட்டு வந்தவள்

ஜூன் 12, திங்கள்

பரமானந்தம் சார் மொழிபெயர்க்கப் புது இங்கிலீஷ் நாவல் அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை ஸ்காட்லாந்து. போன தடவை இங்கிலாந்துப் பிரபுவும் நர்ஸும், அதற்கு முன்னால் எகிப்து. எனக்கு எல்லாம் ஒன்றுதான். மதுரை செல்லூரில் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் இருக்கிற அத்தனை கோட்டையிலும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டேன்.

கதை இதுதான். மலைநாட்டில் இரண்டு குலங்கள், மக்டாரன் என்று ஒன்று, ஸ்ட்ராகல் என்று ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஒருத்தர் மாட்டை ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போவதும், அதற்கு ஆளை வெட்டுவதுமாக இருக்கிறார்கள். கடைசியில் சமாதானத்துக்கு மக்டாரன் தலைவர் தன் மகள் ஐஸ்லாவைப் பகையாளி மகன் டங்கனுக்குக் கட்டிக்கொடுக்கிறார். பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவன்மேல் அவளுக்குக் காதல் வந்துவிடும், வராமல் எங்கே போகும்.

அவர்கள் 'கிளான்' என்பதற்கு என்ன போடுவது என்று காலையெல்லாம் யோசித்தேன். குலம் என்றால் புராணம் மாதிரி இருக்கிறது. பேசாமல் 'வகையறா' என்று போட்டேன். மக்டாரன் வகையறா. சாயங்காலம் டைப் அடிக்க உட்கார்ந்த ஜோதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்கப்பா படிச்சா நம்ம பங்காளிகன்னே நெனச்சுக்குவாரு அத்தை."

ஜோதி என் அண்ணன் மகள், நாகஜோதி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை, என்னோடுதான் இருக்கிறாள். நான் கையால் எழுதுவேன், அவள் லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பாள். என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவள்தான்.

இடது மணிக்கட்டு இன்றைக்கும் வலி. பழைய வலிதான். எண்ணெய் தடவினேன்.


ஜூன் 15, வியாழன்

அண்ணன் ஆவரங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஜோதி வேலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தது போல, அவள் படியிறங்கியதும் ஆரம்பித்தார்.

"வள்ளி, வெள்ளைச்சாமி வகையறாக்காரங்க எறங்கி வந்துருக்காய்ங்க."

அவர்களுக்கும் எங்களுக்கும் கோயில் முதல் மரியாதையில் ஆரம்பித்த சண்டை. எங்க ஐயா காலத்துச் சண்டை. போன வருஷம் எருதுகட்டுத் திருவிழா அன்றைக்கு ராத்திரி அண்ணன் மகன் பூபதி, ஜோதிக்கு இளையவன், வெள்ளைச்சாமியைத் தோளில் வெட்டிவிட்டான். அந்த ஆளுக்கு வலது கை தூக்க வராது. பூபதி ஜாமீனில் இருக்கிறான். கொலை முயற்சி வழக்கு. சாட்சி சொல்ல வெள்ளைச்சாமி கூண்டில் ஏறினால் போதும், பையன் உள்ளே போய்விடுவான்.

"அவரு இருட்டுல ஆள் தெரியலன்னு சொல்லிருவாராம்."

"எதுக்குச் சொல்லுவாரு?"

அண்ணன் காப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நம்ம ஜோதிய அவரு மகன் வீரபத்திரனுக்குக் கேக்குறாக. சம்மந்தி ஆகிட்டா பகை ஏது."

நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கி ஊற்றிவிட்டது. அதைத் துடைக்கிறதிலேயே நேரம் போய்விட்டது. அண்ணன் போகும்போது, "நீ சொன்னா அது கேக்கும்" என்றார். நான் இவள் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெற்றவர்கள் இருக்கிறார்கள்.


ஜூன் 16, வெள்ளி

ஜோதியிடம் அண்ணன் போனில் சொல்லிவிட்டார் போல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை, தலைவலி என்றாள்.


ஜூன் 21, புதன்

எட்டாம் அத்தியாயம். கல்யாணம். சிக்கலான இடம். தேவாலயத்தில் பாதிரியார் கேட்கும்போது ஐஸ்லா இரண்டு வகையறாவும் கேட்கிற மாதிரி "வேண்டாம்" என்கிறாள். அவள் அண்ணன் பின்னால் வந்து பிடரியில் கை வைத்து அமுக்குகிறான். தலை குனிகிறது. பாதிரியார் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்.

பரமானந்தம் சாருக்குப் போன் போட்டேன். தொழில் தெரிந்த ஆள், இருபது வருஷமாக மாத நாவல் போடுகிறார்.

"மேடம், அந்த இடத்தை லேசாப் பூசிருங்க. நம்ம வாசகிகளுக்கு டங்கன் மேல வெறுப்பு வந்துருச்சுன்னா அப்புறம் மிச்சக் கதை எப்படி ஓடும்?"

ஞாயம்தான். 'அவள் நாணத்தோடு தலை குனிந்தாள்' என்று போட்டேன். ஒரே வரி. தையல் தெரியவில்லை. இந்த வேலையில் எனக்குக் கை பழகிவிட்டது. எகிப்துக் கதையில் அறைந்ததை 'கன்னத்தைத் தொட்டான்' ஆக்கினேனே, யார் கண்டுபிடித்தார்கள்?

ஜோதி அடிக்கும்போது அந்த வரியில் நின்றாள். "இவ ஏன் அத்தை குனியிறா?"

"வெக்கம்" என்றேன்.

அவள் அடித்து முடித்து லேப்டாப்பை மூடினாள்.


ஜூன் 25, ஞாயிறு

ஜோதி அவள் அப்பாவுக்குப் போன் போட்டுச் 'சரி' என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுவாகத்தான் சொன்னது. ஜோதியின் அம்மா, என் மதினி, போனில் அழுதார். "எங்குலசாமி பிள்ளை உருவத்துல வந்து காப்பாத்திருச்சு" என்றார்.

எனக்கும் மனசு இறங்கின மாதிரி இருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.


ஜூலை 2, ஞாயிறு

ஆடியில் ஒன்றும் செய்யக்கூடாது, ஆவணி முதல் ஞாயிறு நிச்சயம் என்று முடிவாகியிருக்கிறது. ஆவரங்குளத்தில், அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுவதற்கு முன்னால் சபையில் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர், "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்பார். பெண் சபைக்கு வராது. பெண்ணின் அத்தைதான் உள்ளே போய்க் கேட்டு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். ஜோதிக்கு இருக்கிற அத்தை நான் ஒருத்திதான். என்ன பட்டுப்புடவை கட்டுவது என்று மதினி இப்போதே கேட்கிறார்.

எனக்கு இப்படித்தான் நடந்தது. எங்க அத்தை பெரியநாயகி உள்ளே வந்தார். வெயில் தாங்கவில்லை என்று சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். என் தலைப்பூவைச் சரிசெய்தார். வெளியே போய், "பிள்ளைக்கு முழுச் சம்மதமுங்க" என்றார். அவ்வளவு கணீரென்ற குரல். அவர் வந்தது தண்ணீர் குடிக்கத்தானோ என்று நானே பலதரம் சிரித்திருக்கிறேன்.


ஜூலை 9, ஞாயிறு

பதிமூன்று அத்தியாயம் முடிந்தது. டங்கன் அவளை அறையில் வைத்துப் பூட்டுகிறான். 'அவள் பாதுகாப்புக்காகக் கதவைச் சாத்தினான்' என்று போட்டேன்.


ஜூலை 13, வியாழன்

மாப்பிள்ளைப் பையன் வீரபத்திரன் ஜோதி வேலை செய்கிற இடத்துக்கே வந்திருக்கிறான். வாட்டசாட்டமான பையன், சொந்த டிராக்டர் ஓட்டுகிறான். கவுண்ட்டரில் இருந்தவர்களிடம், "இது எங்க வீட்டுப் பொண்ணு" என்றானாம். அப்புறம் அவள் போனை வாங்கி, நின்றவாக்கிலேயே யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தானாம்.

"வேற என்ன சொன்னான்?"

"எங்கப்பா கையப் பாக்குறப்பல்லாம் உன்னைத்தான் நெனச்சுக்குவேன்னு சொன்னாரு."

அது மிரட்டல்தான், எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அதை அவளிடம் காட்டவில்லை. "ஆம்பளைங்க அப்படித்தான் உரிமையாப் பேசுவாங்க, போகப் போகச் சரியாகும்" என்றேன். என் வீட்டுக்காரர் முதல் வருஷம் இதைவிட மோசமாகப் பேசினார். கோபக்காரர், அவ்வளவுதான். அரிசி வாங்கி வைக்காத நாளில்லை.

ஜோதி என் கையைப் பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது.

"போகப் போகன்னா எவ்வளவு நாள் அத்தை?"

மாவு அரைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.


ஜூலை 22, சனி

தெருக் குழாயில் தண்ணீர் இல்லை. லாரிக்காரரோடு வாக்குவாதம். ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.


ஜூலை 30, ஞாயிறு

நாவல் முடிந்தது. ஐஸ்லா டங்கன் மடியில் பிள்ளையைக் கிடத்துகிறாள், இரண்டு வகையறாவும் நடனம் ஆடுகிறது. பரமானந்தம் சாருக்குப் பரம சந்தோஷம். ஜோதி அடித்தவரைக்கும் அனுப்பியாயிற்று, கடைசி இரண்டு அத்தியாயம்தான் பாக்கி.

முடித்தால் வழக்கமாக ஒரு நாளாவது படுத்துக் கிடப்பேன். இந்தத் தடவை வீட்டை ஒட்டடை அடித்தேன், பாத்திரத்தை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பூனைகூட என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது.


ஆகஸ்ட் 5, சனி

ஜோதிக்கு இன்றைக்கு அரைநாள். கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, எட்டாம் அத்தியாயத்துல ஒரு எடம் விட்டுட்டீங்க."

"எந்த எடம்?"

"சர்ச்சுல. அவ வேண்டாம்னு சொல்லுவா. அவ அண்ணன் பிடரியப் புடிச்சு அமுக்குவான். நீங்க நாணம்னு போட்டுட்டீங்க."

இங்கிலீஷ் புத்தகம் மேசைமேல்தானே கிடந்தது. பஸ்ஸில் போகும்போது எடுத்துப் போய்ப் படித்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"பரமானந்தம் சார் சொன்னாரு. இதெல்லாம் இந்தத் தொழில்ல இருக்கறதுதான்."

"தெரியும். ஜூன்லயே படிச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் அப்பாகிட்ட சரின்னு சொன்னேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

அவள் கிரைண்டர் கல்லைத் துணியால் துடைத்தாள். கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கயோ ஒரு ஊர்ல, கதையில வர்ற ஒருத்தி வேண்டாம்னு சொன்னதையே நீங்க எடுத்துட்டீங்க. நான் உங்ககிட்ட அப்படிச் சொன்னா, நீங்க சபையில போய் என்னத்தச் சொல்லப் போறீங்க? பூசித்தான் சொல்லுவீங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே சரின்னுட்டேன்."

வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கல்லை மாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.


ஆகஸ்ட் 6, ஞாயிறு

அந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி. வளர்த்துவிட்டவள் நான்தான், யாரைச் சொல்ல.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

பேச்சு இல்லை. சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன், அவள் அப்படியே சாப்பிட்டுப் போயிருக்கிறாள்.


ஆகஸ்ட் 13, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கப் போவது நான் மட்டும்தான், என்னிடமே எதற்குப் பூச்சு.

எங்க அத்தை பெரியநாயகி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகவில்லை. கேட்டார். "என்னடி வள்ளி, சம்மதந்தான?" என்றார். நான், "வேண்டாம் அத்தை, பயமா இருக்கு" என்றேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம்தான் பூவைச் சரிசெய்தார். அப்புறம்தான் வெளியே போனார்.

கல்யாணமான ஏழாம் மாசம் கை ஒடிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னவளும் நான்தான். அதுவும் ஒரு மொழிபெயர்ப்பு. பார்க்கப் போனால் அன்றைக்கு ஆரம்பித்த வேலைதான் இது.

எங்க அத்தையை நான் மன்னிக்கவே இல்லை. சாவுக்குப் போனேன், அழுதேன், மன்னிக்கவில்லை. ஜோதி நாளைக்கு என் சாவுக்கு வந்து அழுவாள்.

ஆனால் பூபதி? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். உள்ளே போனால் அவன் வயசு என்னாகும், மதினி என்ன ஆவார்? காலையிலிருந்து இதையே போட்டுப் புரட்டுகிறேன். துவைக்கப் போட்ட துணி அப்படியே கிடக்கிறது.


ஆகஸ்ட் 19, சனி

ஆவரங்குளம் வந்தாயிற்று. பந்தல் போட்டுவிட்டார்கள், வாழைமரம் கட்டுகிறார்கள். அண்ணன் முகத்தில் இத்தனை வெளிச்சத்தைப் பார்த்து வருஷமாகிறது. பூபதி மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கமே சுற்றுகிறான். ஜோதி முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறான்.

"சாப்பிட்டியாடா?" என்றேன்.

"ம்" என்றான். கொஞ்சம் கழித்து, "அத்தை, அக்கா ஏதும் சொல்லுச்சா?" என்றான்.

"வேணும், வேண்டாம்னு அவ எங்கிட்ட ஏதும் சொல்லல. நானும் கேக்கல" என்றேன். அது உண்மை.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

மதுரைக்கு வந்து சேர்ந்து, குளித்துவிட்டு எழுதுகிறேன். நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு வகையறாவும் எதிரெதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைச்சாமி வலது கையை மடியில் எடுத்து வைத்திருந்தார், யாரோ கொடுத்த சாமான் மாதிரி. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் இருந்தான். அம்பலகாரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணோட அத்தை யாரு? உள்ள போய்க் கேட்டு வாத்தா."

போனேன். உள்ளறையில் ஜோதி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள், மதினி பக்கத்தில். ஸ்டூல்மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மூடி வைத்திருந்தார்கள். எனக்காகத்தான். அதைத் தொடவில்லை.

"ஜோதி, உனக்குச் சம்மதமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாவே கேக்குறீங்களா அத்தை?"

"நெசமாத்தான் கேக்குறேன். நீ சொல்றத அப்படியே போய்ச் சொல்லுவேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

மதினிக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்த ஒடிந்த கையை. "வள்ளி, எம்புள்ள உள்ள போயிருவாண்டி. நீயும் தூக்கி வளத்தவதான. வேணாம்டி." அவர் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அது பொய் இல்லை, அந்தம்மாவுக்கும் வேறு வழி இல்லை.

"பூபதி ஜெயிலுக்குப் போயிருவான்ல அத்தை?" என்றாள் ஜோதி.

"போகலாம். நான் கேட்டது அது இல்ல. உனக்குச் சம்மதமா?"

வெளியே யாரோ இருமினார்கள். நாயனக்காரர் சும்மா ஊதிப் பார்த்தார். ஜோதி தன் மடியில் இருந்த கையைப் பார்த்தாள், அப்புறம் நிமிர்ந்தாள்.

"வேண்டாம்."

நான் வெளியே வந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும்.

"கேட்டேனுங்க. பிள்ளை வேண்டாம்னு சொல்லுது."

முதலில் யாருக்கும் ஏறவில்லை. அம்பலகாரர் நல்ல மனுஷர், எனக்கு ஒரு வழி விட்டார். "சின்னப் பிள்ளை, வெக்கத்துல ஏதாச்சும் சொல்லியிருக்கும். திரும்பப் போய்க் கேட்டு வாத்தா."

"வெக்கப்படலைங்கய்யா. நிமிந்து பாத்துத்தான் சொல்லுச்சு. வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியவில்லை. தட்டு உருண்டது. வீரபத்திரன் எழுந்து நின்று கத்தினான், அவன் சொன்ன வார்த்தையைக் கேட்ட பிறகு எங்க பக்கத்துப் பெரியவர்களே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெள்ளைச்சாமி இடது கையால் வலது கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, "கோர்ட்டுல பாக்கலாம் சேது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஒனக்கு அண்ணன் இல்ல. இனிமே என் வாசலை மிதிக்காத" என்றார். எனக்கு அழுகை வந்தது. நான் அவர் காலில் விழுந்திருப்பேன், ஆனால் சொன்னதை மாற்றியிருக்க மாட்டேன்.

ஜோதி புடவையை மாற்றிக்கொண்டு பையோடு வந்தாள். மதினி அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்கு வெயிலில் நடந்தோம். பாதி வழியில் பின்னால் பைக் சத்தம் கேட்டது. பூபதி. எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பையை வாங்கி டேங்க்மேல் வைத்துக்கொண்டான். எங்கள் நடைக்கு ஏற்ப வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தான். பஸ் வந்ததும் பையை ஏற்றினான்.

"பயமா இருக்காடா?" என்று கேட்டாள் ஜோதி.

"இருக்கு" என்றான். பஸ் கிளம்பும்வரை நின்றான்.


ஆகஸ்ட் 22, செவ்வாய்

பூபதி வழக்கு அடுத்த மாசம் விசாரணைக்கு வருகிறது. வக்கீலைப் பார்க்க ஜோதி நாளைக்கு லீவு போடுகிறாள். நானும் போகிறேன். அண்ணன் போனை எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 24, வியாழன்

கடைசி இரண்டு அத்தியாயத்தையும் ஜோதி அடித்து முடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் எட்டாம் அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். பதிமூன்றாம் அத்தியாயத்துக் கதவையும் பூட்டினோம், இரண்டையும் கடைசி அத்தியாயங்களோடு திரும்ப அனுப்பினோம். எகிப்துக் கதை அச்சாகி விற்றுப்போய்விட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மத்தியானமே பரமானந்தம் சார் போன் போட்டுவிட்டார்.

"என்ன மேடம், நல்லா இருந்த எடத்தை இப்படி மாத்திட்டீங்க. கல்யாணத்துல போய் வேண்டாம்னுட்டு. ஒரே ஒரு வார்த்தைதான, எடுத்துரட்டுமா?"

ஜோதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார்" என்றேன். "அவ சொன்னது அது."